ஒண்ணு அடிச்சா போ

பதினேழு வருஷமாகக் கண்டக்டரம்மாவின் வாயில் விசில் இருக்கிறது. ஒன்று அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் புறப்படும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சோற்றை எடுத்த கை வாய்க்கு வழி கேட்பதில்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலர்களைத் தயார்செய்யும் அந்த ஆறு சனிக்கிழமை வகுப்பில் எல்லாம் தலைகீழ். யாரோ ஒரு மகராசன் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு கையேட்டில் எழுதிவிட்டான்: ஒரு விசில் என்றால் ஆட்டம் தொடங்கு, இரண்டு விசில் என்றால் நில். அவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் கண்டக்டரம்மா அவனை நடுவழியில் இறக்கிவிட்டிருப்பாள்.

இரண்டாவது சனிக்கிழமைதான் வம்பு வெளியே வந்தது. வகுப்புக்கு வந்தவர்கள் கறிக்கடைக்காரர், பல் டாக்டர் என்று பதினான்கு பேர். ஒருவர் பயிற்சியாளராக நிற்க, மற்றவர்கள் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். நாற்பது தாண்டிய பிள்ளைகள், தொப்பை வைத்த பிள்ளைகள். கண்டக்டரம்மாவின் முறை வந்தது. "எல்லாரும் அந்தக் கோடு வரைக்கும் ஓடணும்" என்று சொல்லிவிட்டு உற்சாகமாக இரண்டு அடித்தாள். ஒருவரும் அசையவில்லை. "என்னங்க, ஓடுங்க" என்று கையை ஆட்டினாள். ஓடினார்கள். கோடு வந்ததும் நிறுத்துவதற்கு ஒன்று அடித்தாள். அவ்வளவுதான், அத்தனை பேரும் இன்னும் வேகமாக ஓடினார்கள். கறிக்கடைக்காரர் கோட்டையும் தாண்டி, மதிலைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

"நான் சொன்ன பேச்சக் கேக்குற புள்ள" என்று மூச்சு வாங்கியபடி சொன்னார். பல் டாக்டர் சிரித்த சிரிப்பில் அவளுடைய கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது.

வகுப்பு நடத்தியவருக்கு 'மூணு செகண்டு சார்' என்று பட்டப்பெயர். காரணம் அவர் வாயிலிருந்தே ஒவ்வொரு வகுப்பிலும் வரும். "புள்ளைங்கள ஓட வைக்க யாராலயும் முடியும். நிறுத்தத் தெரியணும். நீங்க நிறுத்தினா மூணு செகண்டுல மொத்தக் கூட்டமும் நிக்கணும். நிக்கலன்னா நீங்க கோச் இல்ல, வேடிக்கை பாக்க வந்தவங்க." கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். டீ குடிக்கும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார். ஒல்லியான மனிதர், கறாரான மனிதர், ஆனால் யாரையும் மட்டம்தட்டிப் பேசமாட்டார்.

கண்டக்டரம்மா அவரிடமே போய்க் கேட்டாள். "சார், எனக்கு மட்டும் ஒண்ணுன்னா நில்லு, ரெண்டுன்னா போன்னு மாத்திக்கலாமா?"

"உங்க டிரைவர்கிட்டப் போய், இன்னையிலேருந்து நான் ரெண்டு அடிச்சா நிறுத்துங்கன்னு சொன்னா ஒத்துக்குவாரா?"

"அடிக்க வருவாரு சார்."

"அப்புறம் என்ன. இந்தத் திட்டத்துல இருக்கிற எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் புள்ளைங்களுக்கு வருஷக்கணக்கா இதுதான் பழக்கம். நீங்க ஒரு ஆள் மாறுங்க. ஆயிரம் புள்ளைங்களை மாத்தாதீங்க."

நியாயமான பேச்சு. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

இவ்வளவு பாடுபட்டு எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கண்டக்டரம்மாவின் ஒரே மகள் ஒன்பதாவது படிக்கிறாள். கைப்பந்து என்றால் உயிர். வலைக்குப் பக்கத்தில் நின்று, அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் இடம் அவளுடையது. போன வருஷம் விளையாட்டு டீச்சர் வேலையை விட்டுப் போனார். மறுநாளே மைதானத்துக் கேட்டில் பூட்டு விழுந்தது. பொறுப்பான ஆள் இல்லாமல் பிள்ளைகளை உள்ளே விட முடியாது என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, எவளாவது கையை உடைத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது? பதினோரு பெண்கள் வகுப்பறைச் சுவரில் பந்தடித்து, ஜன்னலை உடைத்து, வரிசையாக நின்று திட்டு வாங்கினார்கள்.

கண்டக்டரம்மா சீருடையோடு நேரே தலைமை ஆசிரியை அறைக்குப் போனாள். "நான் வர்றேன் மேடம். எனக்குக் காலை ஷிப்டு. சாயங்காலம் சும்மாதான் இருக்கேன். சின்ன வயசுல நானும் ஆடினவதான்" என்றாள். சான்றிதழோடு வாருங்கள், அன்றைக்கே சாவி உங்கள் கையில் என்றார் அவர். வகுப்போ வருஷத்துக்கு ஒரு முறை. இதில் தோற்றால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் மகள் பத்தாவது. பொதுத்தேர்வு வந்துவிடும், பந்தைக் கண்ணால்கூடப் பார்க்க விடமாட்டார்கள். ஆகவே ஆறாவது சனிக்கிழமை நடக்கும் செய்முறைத் தேர்வில் தேறினால் மைதானம் திறக்கும், தேறாவிட்டால் அந்தப் பதினோரு பேருக்கும் பூட்டுதான்.

வீட்டில் மகள்தான் வாத்தியார். சாயங்காலம் அம்மா வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் இவள் ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்காருவாள். ஒரு தட்டு தட்டினால் அம்மா நறுக்க வேண்டும், இரண்டு தட்டினால் கத்தியை நிறுத்த வேண்டும்.

"டங்."

அம்மாவின் கத்தி நின்றது.

"அம்மா, ஒண்ணுன்னா போ. எத்தன தடவ சொல்றது?"

"ஒண்ணுன்னா நில்லுடி. இது எவனோ தூக்கத்துல எழுதின புத்தகம்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். நறுக்கு."

வெல்டரான கணவர் கதவோரம் நின்று கழுவிய கையை உதறிக்கொண்டிருந்தார். "இந்த வீட்டுல இத்தன வருஷமா உங்க அம்மா விசில் அடிக்காமலே எல்லாரும் நின்னோம். இப்ப அவளையே நிறுத்த ஒருத்தி வந்துட்டா பாரு" என்றார்.

"நீங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. இல்லன்னா உங்களுக்கும் ரெண்டு அடிப்பேன்" என்றாள் கண்டக்டரம்மா.

"விசிலா, கரண்டியா?" என்று கேட்டுவிட்டு அவர் நகர்ந்தார்.

அவளுக்கு மற்ற எல்லாம் வந்தது. யாரையும் உட்கார வைக்காமல் ஆட்டத்தை அமைப்பது, வெயிலுக்கு முதுகு காட்டிப் பிள்ளைகளை நிறுத்துவது, கால் பிசகினால் என்ன செய்வது, கோபம் வந்தால் எதைப் பேசக் கூடாது, எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. தினம் ஆயிரம் பேரைச் சமாளிக்கிறவளுக்கு இருபது பிள்ளைகள் எந்த மூலைக்கு? எழுத்துத் தேர்வில் பல் டாக்டருக்கு அடுத்த மதிப்பெண் இவளுக்குத்தான். விசில் ஒன்றுதான் காலை வாரியது. தட்டும் கரண்டியும் மெதுவாக இருக்கும்போது சரியாக வரும். கொஞ்சம் பரபரப்பானால் போதும், பழைய கை தானாக முன்னால் வந்து நிற்கும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

தேர்வு நடந்தது நகரத்தின் மறுகோடியில் ஒரு பள்ளியில். ஒரே மைதானத்தைக் கயிறு கட்டி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கறிக்கடைக்காரர், இந்தப் பக்கம் கண்டக்டரம்மா. ஆளுக்கு இருபத்திரண்டு பிள்ளைகள், ஆளுக்கு அரை மணி நேரம். மூணு செகண்டு சார் நடுவில் நாற்காலி போட்டு, மடியில் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். பத்து அம்சம், ஏழு வாங்கினால் தேர்ச்சி.

பந்தைப் பிடித்து எறியும் ஆட்டத்துக்காகப் பிள்ளைகளை இரண்டு இரண்டாக நிறுத்தினாள். ஒருத்தி மட்டும் வரவில்லை. மைதானத்து ஓரப் படிக்கட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரி, அப்புறம் பார்க்கலாம் என்று கண்டக்டரம்மா விசிலை வாயில் வைத்தாள். அடித்தாள், இரண்டு.

பிள்ளைகள் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார்கள்.

"ஓடுங்க கண்ணுங்களா" என்று மறுபடி அடித்தாள். அதுவும் இரண்டு. இன்னும் விறைப்பாக நின்றார்கள். நாற்காலியில் பேனா எழுதும் சத்தம் அவளுக்குக் கேட்டது. கேட்டிருக்காது, ஆனால் கேட்டது.

படிக்கட்டில் இருந்தவள் களுக்கென்று சிரித்தாள். "மேடம், ரெண்டுன்னா நில்லு. அவங்க நின்னுட்டுத்தான் இருக்காங்க."

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் முகம் சுருங்கிப்போயிருக்கும். கண்டக்டரம்மாவுக்கோ சிரிப்பு வந்துவிட்டது. படிக்கட்டுக்கு நடந்தாள்.

"நீ ஏம்மா ஆடல?"

"எனக்கு வராது. என்னாலதான் தோத்தோம்னு சொல்வாங்க."

"எனக்கும் ஒண்ணு வராது. பஸ்ஸுல கண்டக்டரா இருக்கேன். விசில் தலைகீழாத்தான் வருது. நீ எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு." கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, சட்டை நுனியில் அழுத்தித் துடைத்து அவளிடம் கொடுத்தாள். "நான் கையத் தூக்கினா ஒண்ணு ஊது. இறக்கினா ரெண்டு."

விசில் பயிற்சியாளரின் கழுத்தை விட்டு இறங்கக் கூடாது என்பது கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அவளுக்கும் தெரியும். மூணு செகண்டு சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருந்தும் தேர்வின் நடுவே பேசக் கூடாது என்பது அவருக்கான விதி, பேசவில்லை.

ஆட்டம் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் அடித்த விசில் ஒவ்வொன்றும் கணீரென்று வந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் படிக்கட்டை விட்டு இறங்கி, கோட்டோரம் ஓடியபடியே ஊதினாள். பந்து தன் பக்கம் வந்தபோது பிடித்து எறிந்தும் விட்டாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. கண்டக்டரம்மா பிள்ளைகளுக்கு நடுவில் புகுந்து, ஒருத்தியின் முழங்கையைத் திருத்தி, ஒருவனின் காலை அகட்டி, மூன்றாவது ஆளைத் தட்டிக்கொடுத்து, பேசிக்கொண்டே போனாள். தேர்வு என்பதே மறந்துபோய்விட்டது.

அப்போதுதான் பந்து ஒன்று உயரே போனது. உயரமான ஒரு பையன் அதைப் பிடிக்க அண்ணாந்து பார்த்தபடி பின்னாலேயே ஓடினான். அவனுக்குப் பின்னால் கழற்றிப் போட்ட கோல்போஸ்ட் இரும்பு. அவனுக்குக் குறுக்கே இன்னொருத்தி, அவளும் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கண்டக்டரம்மா கையை இறக்கினாள். விசில்காரி பார்த்துவிட்டாள், ஆனால் பயத்தில் மூச்சு இழுத்து நீளமாக ஊதினாள். ஒன்று. ஒன்று என்றால் போ. இருபத்தொரு பிள்ளைகளும் வேகம் பிடித்தார்கள்.

"ஓல்டேன்!"

வண்டியை நிறுத்தச் சொல்லிக் கடைசி சீட்டிலிருந்து டிரைவர் காது வரைக்கும், என்ஜின் சத்தம், மழைச் சத்தம், தொண்ணூறு பேர் பேச்சு எல்லாவற்றையும் தாண்டிப் பதினேழு வருஷம் போய்ச் சேர்ந்த குரல் அது. பையன் இரும்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றான். குறுக்கே வந்தவள் நின்றாள். மொத்தப் பிள்ளைகளும் நின்றார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு பிள்ளைகளும் நின்றார்கள், கறிக்கடைக்காரர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். மதிலுக்கு வெளியே யாரோ ஒரு ஆட்டோக்காரர்கூட பிரேக் போட்டதாகப் பல் டாக்டர் பிற்பாடு சத்தியம் செய்தாள். பந்து மட்டும் பொத்தென்று விழுந்து உருண்டது.

கண்டக்டரம்மா முதலில் பையனைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு விசில்காரியிடம் போனாள். அந்தப் பெண் விசிலை நீட்டினாள்.

"தப்பா ஊதிட்டேன்."

"நான் வந்ததுலேருந்து ரெண்டு தடவ தப்பா ஊதிட்டேன். நீ ஒரு தடவதான். கணக்குப் பாத்தா நீதான் முன்னால நிக்கிற. தப்பு உன் மேல இல்ல, உன் கையில குடுத்த என் மேல." விசிலை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "இப்ப உனக்கு வேற வேல இருக்கு. உள்ள ஒரு ஆள் குறையுது, வா."

அந்தப் பெண் உள்ளே போனாள். மிச்சமிருந்த எட்டு நிமிஷமும் ஆடினாள். இரண்டு பந்தை விட்டாள், நான்கைப் பிடித்தாள். கண்டக்டரம்மா மூச்சை நிதானமாக இழுத்து, மனசுக்குள் கரண்டியைத் தட்டிப் பார்த்து, சரியாக இரண்டு அடித்து ஆட்டத்தை முடித்தாள்.

மூணு செகண்டு சார் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளை எதிரே உட்காரச் சொன்னார்.

"தொடக்கம், சைபர். விசிலக் கைமாத்தினது, சைபர். அந்தக் கோல்போஸ்ட்ட ஆட்டத்துக்கு முன்னாடியே அப்புறப்படுத்தச் சொல்லியிருக்கணும், பாதுகாப்புல அதுக்கும் சைபர்."

"ஆமா சார். மூணும் என் தப்புதான்."

"வாதாடுவீங்கன்னு நெனச்சேன்."

"நியாயம் இருந்தா விட்டிருக்க மாட்டேன் சார்."

அவர் படிவத்தில் விரலை ஓட்டினார். "எட்டாவது அம்சம். 'பயிற்சியாளர் நிறுத்தியதும் அனைவரும் மூன்று நொடிக்குள் நிற்க வேண்டும்.' எதால நிறுத்தணும்னு இதுல போடல. பத்து வருஷமா நான் இத விசில்னுதான் படிச்சிட்டு இருந்திருக்கேன்." ஸ்டாப்வாட்சைத் திருப்பி அவளிடம் காட்டினார். ஒன்றே கால் நொடி. "என் கை தானா அமுக்கிடுச்சு. பேனாவும் கீழ விழுந்துடுச்சு, அது வேற." மீதி ஏழு அம்சத்திலும் ஒன்று ஒன்றாக டிக் போட்டார். ஏழு. "ஓரத்துல உக்காந்திருந்த அந்தப் பொண்ணு இந்தப் பள்ளிக்கூடத்துல மைதானத்துக்குள்ள எறங்கி நான் பார்த்ததே இல்ல. ஆனா ஒண்ணு. அடுத்த முறை விசிலக் குடுக்காதீங்க. வேற எதையாவது குடுங்க."

"சரிங்க சார்" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை மறைக்க அவள் முயலவும் இல்லை. கறிக்கடைக்காரர் தூரத்திலிருந்தே கட்டைவிரலைக் காட்டிக் கேட்டார். இவளும் கட்டைவிரலைக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மகள் விடவில்லை. சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, தலை சீவும்போது எல்லாம் தட்டும் கரண்டியும்தான். பயிற்சி நன்றாகவே பலித்தது. திங்கட்கிழமை காலை முதல் டிரிப்பில், ஏற வேண்டியவர்கள் எல்லாரும் ஏறியதும், கண்டக்டரம்மா போகலாம் என்று கம்பீரமாக ஒன்று அடித்தாள். கிளம்பப் போன பஸ் குலுங்கி நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். பதினேழு வருஷத்தில் அவர் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை.

"ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வண்டிய எடுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு அடித்தாள்.

நாலேகால் மணிக்குத் தலைமை ஆசிரியை சான்றிதழைப் பார்த்தார், புன்னகைத்தார், மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். பூட்டு துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு, இரண்டு கையாலும் திருகியதும் திறந்துகொண்டது. கண்டக்டரம்மா கேட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

பதினோரு பேர் இல்லை. முப்பத்து நான்கு பேர் நின்றார்கள். ஆறாவது படிக்கும் வாண்டுகள் முதல் எல்லா வகுப்பிலும் இருந்து வந்திருந்தார்கள். செய்தி எப்படியோ பரவியிருக்கிறது. கையில் இருந்ததோ இரண்டு பந்து. பின்னால் நின்றவர்கள், நமக்கு இடம் இருக்காது என்ற முகத்தோடு கேட்டுக்கு வெளியிலேயே தயங்கினார்கள்.

"எல்லாரும் உள்ள போங்க. முன்னாடி எடம் காலியா இருக்கு, தள்ளிப் போங்க" என்றாள் கண்டக்டரம்மா.

சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். அவள் கணக்குப் போட்டாள். ஒரு பந்து பெரியவர்களுக்கு, ஒரு பந்து வாண்டுகளுக்கு. யாரும் சும்மா நிற்கக் கூடாது. வாண்டுகள் பதினைந்து பேருக்கு அருகிலேயே நின்று கை பிடித்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். பந்தை விரலில் வாங்குவது எப்படி என்று அங்கே நன்றாகத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வலைக்குப் பக்கத்தில் தன் இடத்தில் ஏற்கெனவே போய் நின்றுவிட்டாள். ஒரு வருஷம் காத்திருந்து வந்த இடம்.

கண்டக்டரம்மாவுக்கு மனசு அடித்துக்கொண்டது. இவளுக்காகத்தானே எல்லாம்? சனிக்கிழமை சனிக்கிழமையாக எல்லாருக்கும் சிரிப்புக் காட்டியது யாருக்காக? இன்னொருத்தியை அனுப்பலாம். அரைகுறையாகச் சொல்லிக்கொடுப்பாள், பரவாயில்லை, முதல் நாள்தானே. இப்படியெல்லாம் ஒரு நிமிஷம் யோசித்தாள். அதற்குள் வாண்டுகளில் ஒருத்தி பந்தை உள்ளங்கையால் அறைந்து விரலைப் பிடித்துக்கொண்டாள்.

மகளிடம் போனாள். "இன்னிக்கு நீ சின்னதுங்களப் பாத்துக்க."

"அம்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் ஆடணும்மா."

"தெரியும்டா."

"ஒரு வருஷமாச்சு."

"தெரியும். உன்ன விட்டா அதுங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்ல. அடுத்த ஆட்டம் புதன்கிழமை, அன்னிக்கு உன் எடத்துல நீ."

மகள் வாண்டுகள் பக்கம் பார்த்தாள், வலையைப் பார்த்தாள், அம்மாவின் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, அழவில்லை. பக்கத்தில் வந்து, தோழிகளுக்குக் கேட்காத குரலில், "வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்" என்றாள். சொல்லிவிட்டு ஓடினாள். விரலைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் கையை எடுத்துப் பிரித்து, பத்து விரலையும் ஒவ்வொன்றாக வளைத்துக் காட்டினாள். வாண்டுகள் சுற்றிக் கூடின.

மணி நாலரை. ஆறு மணி வரைக்கும் மைதானம் அவர்களுடையது. கண்டக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று அடித்தாள்.